பார்த்தெழுதும் கையிலிருந்து படைக்கும் கைக்கு: எழுதக் கற்பித்தலில் படப்புத்தகங்களின் வரலாறு

முன்னுரை

படப்புத்தகம் பள்ளிக்குள் நுழைந்தது சொற்களைக் கற்றுக்கொடுக்கத்தான். எழுதக் கற்பிக்கும் துணையாக அது மாறுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அச்சுத்தொழிலின் வளர்ச்சியும் ஓவியர்களின் திறமையும் மட்டும் இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் அல்ல. சின்னஞ்சிறு குழந்தைக்கும் சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று உண்டு என்பதை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே படப்புத்தகம் எழுத்துக் கல்வியின் மையத்துக்கு வந்தது. இக்கட்டுரை அந்தப் பாதையை நான்கு கட்டங்களில் ஆராய்கிறது.

பொருளைக் காட்டிய படம்

மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ் (1592–1670) உருவாக்கிய ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளியானது. இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அமைந்த அந்நூலில் 150 பாடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டன. அதே எண்கள் உரையிலுள்ள சொற்களின் அருகிலும் இருந்தன. குழந்தை எண்ணைப் பிடித்துக்கொண்டு பொருளிலிருந்து சொல்லுக்குச் சென்றது. மறு ஆண்டே சார்லஸ் ஹூல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

இங்கே படத்தின் வேலை சொல்லுக்குப் பொருள் காட்டுவது. எனினும் கொமேனியஸ் தம் முன்னுரையில் இன்னொன்றையும் சேர்த்தார். குழந்தைகள் விரும்பினால் அந்தப் படங்களைப் பார்த்து வரையட்டும். அவர்களை ஊக்கப்படுத்தவும் வேண்டும் என்றார். கவனம் கூர்மையாகும், உறுப்புகளின் அளவுப் பொருத்தம் புரியும், கை லாவகம் பெறும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். 1801இல் சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோசியும் எழுத்துக்கு முன்னே ஓவியம் வர வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆனால் இருவர் பார்வையிலும் வரைதல் முதன்மையாகக் கண்ணுக்கும் கைக்குமான பயிற்சி. குழந்தை தன் எண்ணத்தைச் சொல்லும் வழியாக அது இன்னும் கருதப்படவில்லை.

கதையில் பங்கு கேட்ட படம்

இங்கிலாந்தின் ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட் 1878 முதல் வெளியிட்ட வண்ணப் புத்தகங்களில் படத்தின் நிலை மாறியது. அவற்றுள் ஒன்று, தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போவதோடு முடியும் பழைய மழலைப் பாட்டு. பாட்டு முடிந்தபின்னும் கால்டிகாட் வரைகிறார்: தட்டு நொறுங்கிக் கிடக்கிறது, கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் அழைத்துச் செல்கின்றன. சொல்லில் இல்லாத துயரத்தைப் படம் சொல்லிவிடுகிறது.

இந்த உத்தியின் உச்சங்களில் ஒன்று பாட் ஹட்சின்ஸின் ‘ரோசீஸ் வாக்’ (1968). மொத்த உரையே 32 ஆங்கிலச் சொற்கள். ஒரு கோழி உலாவிவிட்டு வீடு திரும்புகிறது, அவ்வளவுதான். பின்னாலேயே பதுங்கி வந்து அடிக்கடி அடிபடும் நரியைப் பற்றி உரையில் ஒரு சொல்லும் கிடையாது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற எழுத்தின் அடிப்படைக் கேள்வியை ஐந்து வயதுக் குழந்தையால் இந்தப் புத்தகத்தின் வழியே தொட முடியும்.

எழுதுபவராகக் குழந்தை

இதற்கிடையே குழந்தையைப் பற்றிய பார்வையும் மாறிக்கொண்டிருந்தது. பிரான்சின் பார்-சூர்-லூ கிராமத்தில் செலஸ்தேன் ஃப்ரெனே 1924இல் வகுப்பறைக்குள் ஓர் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே எழுதியதை மாணவர்கள் எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அயல்நாட்டுப் பாடநூல்கள் அவர்கள் மனத்தைத் தொடவில்லை என்று கண்டார். ஒவ்வொரு குழந்தையும் கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சொற்களிலிருந்தே அவர்களின் வாசிப்பும் எழுத்தும் வளர்ந்தன. அவருடைய ‘டீச்சர்’ நூல் 1963இல் வெளிவந்தது.

இந்த அனுபவங்களுக்குப் பொருந்தும் கோட்பாட்டை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) உருவாக்கினார். சைகை, விளையாட்டு, ஓவியம் ஆகியவற்றின் வழியாகவே குழந்தை எழுத்தை வந்தடைகிறது என்பது அவர் முடிவு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டொனால்ட் கிரேவ்ஸ் வகுப்பறைகளில் அமர்ந்து, சிறுவர்கள் எழுதும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். பலரும் முதலில் வரைந்தார்கள். வரையும்போதே எழுதப்போவதைத் திட்டமிட்டார்கள். ஓவியம் எழுத்தின் ஒத்திகை என்ற அவரது கருத்து, 1983இல் வெளியான அவருடைய நூலின் வழியே ஆசிரியர்களிடையே பரவியது.

முன்மாதிரியாகப் புத்தகம்

அதே 1983இல் வாசிப்பு ஆய்வாளர் ஃபிராங்க் ஸ்மித், எழுதுபவரின் கண்ணோடு வாசிப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவர் தம்மை எழுதுபவர்களில் ஒருவராகக் கருதும்போதுதான், படிக்கும் பக்கத்திலிருந்து எழுத்து நுட்பத்தையும் கற்கிறார் என்பது அதன் சாரம். எழுத்துக் கல்வியாளர் கேட்டி உட் ரே இதைத் தொடக்க வகுப்புகளுக்கு விரித்தார். 2010இல் வெளியான அவரது நூல் ஓவியரின் முடிவுகளையே எழுத்துப் பாடமாக்கியது. ஓர் உருவத்தை ஏன் இவ்வளவு அருகில் காட்டினார், இந்தப் பக்கத்துக்கு ஏன் இருண்ட நிறம் என்று ஆசிரியர் கேட்கிறார். நெருங்கிக் காட்டிய படத்திலிருந்து நுண்விவரத்தையும், நிறத்திலிருந்து உணர்வுச் சூழலையும் குழந்தை கற்று, தன் வாக்கியத்தில் முயல்கிறது. பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கங்களுக்குள் முடிவதும் இதற்கு உதவுகிறது. ஒரே அமர்வில் முழுக் கதையின் கட்டமைப்பும் கண்முன் நிற்கிறது.

தமிழ் வகுப்பறையில்

நம் தொடக்கப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி என்றாலே நான்கு வரி நோட்டு, பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல் என்று பழகிவிட்டோம். ‘படத்தைப் பார்த்துத் தொடர் எழுதுக’ என்ற பயிற்சியும் பெரும்பாலும் படத்திலுள்ள பொருள்களைப் பெயர் சொல்ல வைப்பதோடு நின்றுவிடுகிறது. அதாவது, கொமேனியஸின் கட்டத்தில் நிற்கிறது. புத்தகங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் பல இந்திய மொழிகளில் படப்புத்தகங்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். குறைவாக இருப்பது, இவற்றை எழுத்து வகுப்போடு இணைக்கும் வழக்கம்.

முடிவுரை

இந்த வரலாற்றில் படத்துக்கு மூன்று பணிகள் வந்து சேர்ந்தன: பொருளைக் காட்டுதல், கதையைப் பகிர்தல், எழுதும் முறையைக் கற்பித்தல். பிந்தையது வந்ததால் முந்தையது வீணாகிவிடவில்லை. சொல் தெரியாத குழந்தைக்குக் கொமேனியஸ் இன்றும் தேவை. ஆனால் மூன்றாவது பணி நிறைவேற வேண்டுமானால் ஆசிரியர் இரண்டைச் செய்தாக வேண்டும். ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் வாசித்து, அதன் ஆக்கத்தைப் பற்றிக் குழந்தைகளோடு பேச நேரம் ஒதுக்க வேண்டும். எழுத்துப்பிழையைத் திருத்தும் முன், குழந்தை வரைந்ததையும் எழுதியதையும் ஒரே படைப்பாக வாசிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு ஆகாது. மதிப்பெண்ணுக்காகவே நோட்டைத் திருத்தும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் துணிவுதான் வேண்டும்.