சக்கரத்தின் மேல் வீடு, கரையில் வாடி

பழைய லொறியொன்றை வாங்கி, பின்பெட்டிக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தி, அதையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது மேற்கு நாடுகளில் இப்போது பலர் விரும்பி ஏற்கும் வாழ்க்கை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுதந்திரத்தைத்தான் எழுதுகிறார்கள். நிலம் வேண்டாம், வாடகை வேண்டாம், பிடித்த இடத்தில் விடியலாம் என்கிறார்கள். திருகோணமலைக் கரையின் வழக்கங்களையும் அண்மைக்கால வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. இடம் மாறி வாழ்வது இந்தக் கரைக்குப் புதிதில்லை. அப்படி வாழ்ந்தவர்களுக்குப் போய் இறங்கும் இடத்தில் தங்க ஓர் உரிமை இருந்தது, விட்டு வந்த இடத்துக்குத் திரும்பவும் ஓர் உரிமை இருந்தது. அவ்விரண்டும் இருந்தவரை அது தொழில். அவை பறிபோன நாளில் அது அகதி வாழ்க்கையானது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்திருக்கிறது சல்லி. கடலை ஒட்டி நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற மீனவர் ஊர். இந்தக் கரையில் வருடத்தைப் பிரிப்பது காற்று. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வள்ளங்களைக் கரையில் ஏற்றிவைக்கும். சித்திரைக்குப் பிறகு கச்சான் வீசத் தொடங்கினால் கிழக்குக் கடல் தணிந்துவிடும், மேற்குக் கடல் சீறும். அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள், அவர்களுள் தமிழ் பேசும் கத்தோலிக்கர்களும் அடக்கம், வலையும் பானை சட்டியுமாகக் கிழக்கே வந்து வாடி போடுவது தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கம். வாடி என்றால் காட்டுத்தடி நட்டு, கிடுகு வேய்ந்த ஒற்றைக் கூடம். ஒரு பக்கம் வலைக் குவியல், இன்னொரு பக்கம் உப்பு மூட்டை, நடுவில் பாய். காற்றுப் படாத பக்கம் பார்த்து மூன்று கல் வைத்தால் அடுப்பு. விற்றது போக மிஞ்சிய மீன் பிளந்து உப்பிடப்பட்டு வாசல் மணலில் கருவாடாகும். பருவம் முடிந்தால் கிடுகைப் பிரித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். மறு வருடம் அதே இடம். கரைவலைக்கும் இதே ஒழுங்கு. இன்ன எல்லை முதல் இன்ன எல்லை வரை ஒரு பாடு, அந்தப் பாட்டில் இன்ன சம்மாட்டியின் வலை, பல வலைகள் இருந்தால் முறை வைத்து வளைப்பார்கள். அரசாங்கம் கரைவலைக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதும் இடத்தைக் குறித்தே கொடுக்கிறது. சுவர் எழுப்பாத, வேலி போடாத உரிமைதான், ஆனாலும் எல்லாரும் மதித்த உரிமை.

வாடிக்காரர் வறுமையால் விரட்டப்பட்டவர்கள்தானே, அவர்களுக்கு ஏது உரிமையும் ஒழுங்கும் என்று கேட்கலாம். கடன்பட்டுத்தான் பலர் வந்தார்கள். முதலாளியிடம் முற்பணம் வாங்கியவன் பிடித்த மீனை அவனுக்கே கொடுக்கவேண்டியிருந்தது. அதை அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவன் ஊரில் அவனுக்கு ஒரு வீடு இருந்தது, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், திரும்பும் மாதம் எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வறுமை எத்தனை கொடியதானாலும் அது அந்த மூன்றையும் ஒரே நாளில் பறித்துவிடுவதில்லை.

ஒரே நாளில் பறித்தது போர். 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து வெடித்த சண்டையில், மூதூர் நகரின் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூர் உள்ளிட்ட மூதூர் கிழக்கின் தமிழ் மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று தெற்கே நகர்ந்து, கடைசியில் மட்டக்களப்பு முகாம்களில் போய் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து வன்னியில் அதே காட்சி பெருந்திரளாக நடந்தது. அங்கே உழவு இயந்திரத்தின் பெட்டிதான் வீடு. அடியில் நெல்மூட்டை, ஓரத்தில் கழற்றி எடுத்த கூரைத் தகரம், அதன் மேல் கதவு, பாத்திரம், உச்சியில் கிழவிகளும் குழந்தைகளும். நிறுத்திய இடத்தில் பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து தறப்பாளை இழுத்துக் கட்டினால் கூரை ஆயிற்று. நடக்கமாட்டாதவர் பெட்டிக்குள்ளே, மற்றவர் கீழே மண்ணில். கதவையும் தகரத்தையும் ஏன் சுமந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போகும் இடத்தில் மறுபடி ஒரு வீடு கட்டுவோம் என்ற நம்பிக்கையைத்தான் அவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த இடப்பெயர்வில் கதவு போயிற்று, அதற்கடுத்ததில் பெட்டியும் போயிற்று.

விரும்பிப் போகிறவரையும் விரட்டப்பட்டவரையும் ஒரே தராசில் வைப்பது தவறு என்பார்கள். அவர்களிடையே உள்ள வேறுபாடு எதில் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. வண்டியில் இல்லை, சாமான்களில் இல்லை, சமைக்கிற முறையிலும் அதிகம் இல்லை. நிறுத்த இடம் உண்டா என்பதில் இருக்கிறது. பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம், வண்டிவீடுகளில் வாழும் ஜிப்சி மக்களுக்குத் தங்குமிடம் ஒதுக்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகள் மேல் வைத்தது. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. வண்டிகள் அதே வண்டிகள்தான், ஆனால் அதன் பிறகு நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. அமெரிக்காவில் 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டை இழந்து வேனில் குடியேறிய முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் எழுதிய ‘நோமட்லாண்ட்’ நூலும் சுதந்திரத்தின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

திரும்பும் உரிமையைப் பேசினால் வெளியூர் மீனவரை விரட்டும் வாதமாக அது திரியாதா என்பதும் நியாயமான அச்சம். இதே கரையில் வடக்கே உள்ள கொக்கிளாய்ப் பகுதியின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. 1984இல் அங்கிருந்த தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பிறகே திரும்பினார்கள். அதற்குள் பருவகாலத்து வாடிகள் நிரந்தரக் குடியிருப்புகளாகிவிட்டன. உள்ளூரானுக்குத் திரும்பும் உரிமை இல்லாமல் போனபோது, வந்தவன் விருந்தாளியாக இருந்த பழைய ஏற்பாடும் சேர்ந்தே உடைந்தது. இரண்டு உரிமைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை.

அரசாங்கங்கள் இதை எளிதில் மறந்துவிடுகின்றன. 2004 சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டருக்குள்ளும் வீடு கட்டக்கூடாதென்று விதி வந்தது. உயிரைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வள்ளமும் வலையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டியவனை அது கடலிலிருந்து பிரித்தது. பிறகு தளர்த்தத்தான் வேண்டியிருந்தது. சம்பூரிலோ 2007இல் உயர் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டு, மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைப்பறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை வைத்திருந்த 237 ஏக்கரும் திரும்பக் கிடைத்தன. காணி கைக்கு வந்த பிறகே அவர்களால் முகாமை விட்டுப் புறப்பட முடிந்தது.

நிலாவெளி தொடங்கி உப்புவெளி வரை கடற்கரை இன்று ஹோட்டல்களுக்காக அளக்கப்படுகிறது. சல்லியிலும் சாம்பல்தீவிலும் எந்தப் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வாடிக்கு வழமையாக விடப்பட்ட மணல் எது, வள்ளம் ஏற்றும் வழி எது என்பதெல்லாம் மூத்த சம்மாட்டிமாருக்குத் தெரியும். மீனவர் சங்கங்களும் பிரதேச செயலகங்களும் அவர்களை அழைத்து, கரையோரம் நடந்து, அதை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வேலி எழுந்த பிறகு செய்யும் வேலை இல்லை இது.