கழற்றி மாட்டும் நாற்காலிகள்

மாமல்லபுரம் குன்றின்மேல், ஓரத்தில் சிங்கம் செதுக்கிய ஒரு கல்மேடை இருக்கிறது. ஊர்வழக்கில் தர்மராஜா சிம்மாசனம். அதைச் செதுக்கியவர்கள் இடம் மாற்றுவதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆயிரம் ஆண்டு கழித்து இதே சீமைக்கு வந்த துரைமாருக்கு அப்படிப்பட்ட இருக்கை ஒத்துவராது. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். பின்னாளில் ஜமாபந்திக் காலத்தில் கலெக்டர் கச்சேரியே கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனது. மேசையும் கட்டிலும் வண்டியேற வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலுக்கென்றே பிரிட்டிஷார் ஆண்ட இடங்களில் ஒரு தச்சு மரபு வளர்ந்தது. இழுப்பறைப் பெட்டி நடுவில் இரண்டாகப் பிரியும். கால்களைத் திருகிக் கழற்றலாம். மூலைகளில் பித்தளைத் தகடு. கைப்பிடியைக்கூட மரத்துக்குள் பதித்தார்கள், அடுக்கும்போது இடிக்கக் கூடாதே! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ரூர்க்கி நாற்காலியில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. முனை சீவிய சட்டங்கள் கால்களின் துளைகளில் நுழையும். தோல்வார் இழுத்துப் பிடிக்கும். இணைப்புகள் கொஞ்சம் அசைந்து கொடுப்பதால் மேடுபள்ளத் தரையிலும் நான்கு கால்களும் ஊன்றும். டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933இல் வடிவமைத்த சஃபாரி நாற்காலி இதன் வாரிசுதான்.

பெருமையைத் துரைமாருக்கே கொடுத்துவிடுவது நியாயமில்லை. அவர்கள் கூடாரமடித்த ஊர்களில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தியதும் படுக்கும் இடம் கூடமாகிவிடும். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். கடற்கரையிலோ மீனவர்கள் கலத்தையே பிரித்தார்கள்: கரையேறியதும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, ஊறிய மரங்களைத் தனித்தனியே காயப்போட்டார்கள்.

வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த சாய்வு நாற்காலியும் இந்தக் குடும்பம்தான். மடித்துச் சுவரோரம் வைக்கலாம். கித்தான் கிழிந்தால் கழிகளை உருவி, புதிதாகத் தைத்து மாட்டினால் போதும். சட்டம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும்.

இன்று சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் வாடகை வீடு மாறுகிறவர்களின் லாரியில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்கள் ஏறுகின்றன. அவையும் கழற்றி மாட்டுபவைதான். ஆனால் ஒரே துளையில் திருகாணியை இரண்டு மூன்று தடவை முடுக்கினால் பலகை பொடிந்துவிடுகிறது. தண்ணீர் பட்டால் உப்பிவிடுகிறது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கட்டிலையும் சோபாவையும் மாத வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. காலி செய்யும் நாளில் கடைக்காரர்களே வந்து கழற்றி எடுத்துப்போகிறார்கள்.