கடைமடைக்கு வந்த இணையம்

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். மேலே மடையை அடைக்காவிட்டால் கடைமடை காயும். நமக்குத் தெரிந்த கதைதான்.

இணையமும் அப்படிக் காய்ந்திருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் ஓடிய தடம் 40 பிட்டாக வற்றியது. நெரிசல் கண்டால் அனுப்புகிற கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேகப்சன் 1988-ல் எழுதினார். ஆனால் அதில் பங்கு இணைப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல.

பேரனின் லேப்டாப் ஒரே நேரத்தில் இருபது மடை திறந்து எதையோ இறக்கும். துபாயில் இருக்கும் மகளோடு பேசும் என் போனுக்கு ஒரே மடை. அவள் முகம் உறைந்து நிற்கும்.

"பெரிய பிளான் போடலாம் தாத்தா" என்றான். எதற்கு? ரவுட்டரில் அந்த லேப்டாப்புக்கு மட்டும் வேக வரம்பு வைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். அன்று ராத்திரி மகள் அரை மணி நேரம் பேசினாள்.