சங்குப் பாரும் காற்றாலைக் குத்தகையும்

கடலில் காற்றாலை நடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், தூத்துக்குடியில் ஒரு சங்குகுளிக்காரர் என்னிடம் கேட்டார்: "கடலுக்கு அடியில இருக்கிற தரைக்கு டெல்லிக்காரங்களுக்கு யார் சார் பட்டா கொடுத்தது?" வக்கீல் தொழிலில் இதைவிட நல்ல கேள்வி அடிக்கடி வருவதில்லை. கடலடித் தரை யாருக்கு என்று உலகம் வழக்காடத் தொடங்கிய இடங்களில் ஒன்று, அவர் மூச்சடக்கி இறங்குகிற இதே கடல்தான்.

1758இல் சுவிட்சர்லாந்துச் சட்ட அறிஞர் வாட்டெல், கடலும் உடைமையாகலாம் என்பதற்குக் காட்டிய உதாரணம் பஹ்ரைன், இலங்கை முத்துச் சலாபங்கள். 1811இல் இலங்கையின் ஆங்கில அரசு, முத்துப் பார்களை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளை, ஒட்டிச் சுற்றித் திரியும் படகுகளைப் பறிமுதல் செய்யச் சட்டமே போட்டது. கரையிலிருந்து மூன்று மைல் வரைதான் ஒரு நாட்டின் கடல் என்று பேசிய அதே ஆங்கிலேயர்தான், அதற்கு வெகு அப்பால் கிடந்த பார்களையும் தமதென்றார்கள். வருமானம் என்று வந்தால் மைல் கணக்கு நீளும்!

சங்கின் கதை இன்னும் சுவையானது. பாக் விரிகுடாச் சங்குப் பார்கள் ராமநாதபுரம் ராஜாவின் உரிமை. அவர் குத்தகைக்கு விடுவார். எடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும். குத்தகைதாரருக்குத் தெரியாமல் சிலர் சங்கு எடுக்க, திருட்டு வழக்கு வந்தது. அன்னகுமாரு பிள்ளை எதிர் முத்துப்பாயல் என்ற அந்த வழக்கில், 1904இல் சென்னை உயர் நீதிமன்றம் பாக் விரிகுடாவை எவருக்கும் உரிமையில்லாத திறந்த கடலாகக் கருத முடியாது என்றது. கடல் சட்ட நூல்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகின்றன. 1920களில் பிரிட்டிஷ் சட்ட ஆலோசகர் செசில் ஹர்ஸ்ட், கடலடித் தரை யாருக்கு என்று எழுதிய கட்டுரையிலும் முத்தும் சங்கும்தான் சாட்சி.

சுதந்திர இந்தியாவில் ராஜாவின் இடத்துக்கு மத்திய அரசு வந்தது. அரசியல் சட்டத்தின் 297ஆம் பிரிவு, கடலடியில் உள்ள மதிப்புள்ளவை எல்லாம் மத்திய அரசுக்கே என்கிறது. 1976இன் கடல் மண்டலச் சட்டம் 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம் வகுத்து, அலை, நீரோட்டத்தோடு காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் உரிமையையும் சேர்த்து எழுதிக்கொண்டது. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை டென்மார்க்கின் வின்டபியில் எழுந்ததே 1991இல்தான். காற்றாடிக்குப் பதினைந்து ஆண்டு முந்திவிட்டது பத்திரம்.

அந்தச் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் குத்தகை விதிகள் வந்தன. அளந்து ஆராயத் தனிக் குத்தகை. கட்டி நடத்த 35 ஆண்டு வரை. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500. கடல் நடுவே துணை மின்நிலையம் கட்டிக் கரைக்கு மின்சாரம் கொண்டுவருவது பவர் கிரிட் நிறுவனத்தின் பொறுப்பு.

இந்தப் பொறுப்பைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் போர்க்கும் தீவருகே ரிஃப்காட் பண்ணையின் 30 காற்றாடிகளும் 2013இல் தயார். கேபிள் போகும் வழியில் உலகப்போர் வெடிகுண்டுகள் கிடந்ததால் இணைப்பு 2014இல்தான் வந்தது. அதுவரை டீசல் எரித்துக் காற்றாடிகளைச் சுற்றவிட்டார்கள். இணைப்பு தாமதமானால் ஆலைக்காரருக்கு இழப்பீடு என்று அந்த நாடு 2012இலேயே சட்டம் எழுதியிருந்தது.

ஆலைக்காரருக்கு இழப்பீடு உண்டு என்றால் குளிக்காரருக்கு? தரை மத்திய அரசுடையது. பன்னிரண்டு கடல் மைலுக்குள் மீன்பிடிப்போ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பொருளாதார மண்டலத்தில் நடும் ஒவ்வொரு கோபுரத்தையும் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போட ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இடம் தருகிறது. ராஜாவின் குத்தகையில் குளிக்காரருக்குக் கூலியாவது இருந்தது. ஆகவே அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை: குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து விழும் முன், தொழில் நடக்கும் பார்களை மீனவர்களோடு படகில் போய் அளந்து, பெயரும் எல்லையும் அதன் அட்டவணையில் எழுதிவிடுங்கள்.