ஒரு துண்டும் ஒரு கிருமியும்

1924ஆம் ஆண்டு ஜூன் 30. அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜின் இளைய மகன் (அவனுக்கும் அப்பாவின் பெயர்தான்) வெள்ளை மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடினான். காலில் ஷூ இருந்தது, காலுறை இல்லை. விரலில் ஒரு கொப்புளம் வந்தது. விளையாடுகிறவர்களுக்கு அது சாதாரணம்தானே! ஆனால் அதன் வழியாக ஒரு பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிட்டது. ஜூலை 7 அன்று அவன் இறந்துபோனான். வயது 16. பெரிய பெரிய மருத்துவர்கள் வந்தும், கொடுப்பதற்கு மருந்து இல்லை.

அந்தக் கிருமியின் பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். 1880களில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் பார்த்தபோது இது திராட்சைக் கொத்து போலத் தெரிந்தது. அதனால் அந்தப் பொருள் வரும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார். சுமார் மூன்றில் ஒருவரின் மூக்கில் இது சும்மா இருக்கிறது. தோல் கிழிந்தால்தான் வம்பு.

1928இல் ஃப்ளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். 1940களில் அது மக்கள் கைக்கு வந்தது. இனி பயமில்லை என்று நினைத்தார்கள். ஆனால் அதே 1940களிலேயே பென்சிலினுக்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் தலைகாட்டின. அடுத்து மெதிசிலின் வந்தது. 1961லேயே அதையும் எதிர்த்து நிற்கும் வகை பிரிட்டனில் பதிவானது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

முதலில் நோயாளிகளை மட்டுமே தாக்கிய இது, 1990களில் திடகாத்திரமான இளைஞர்களையும் பிடித்தது. 1993-94இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பள்ளி மல்யுத்த அணிக்குள் பரவியது. தோலோடு தோல் உரசும் விளையாட்டு அல்லவா!

2003இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முறை. 58 வீரர்களில் 5 பேருக்கு, மொத்தம் 8 தொற்றுகள். அத்தனையும் செயற்கைப் புல்தரையில் விழுந்து தோல் சிராய்ந்த இடங்களில்! எதிராளியோடு நேருக்கு நேர் மோதித் தள்ளும் வீரர்களுக்கே அதிகம் வந்தது. அரசின் நோய்த்தடுப்பு நிபுணர்கள் போய் ஆராய்ந்தார்கள். 2005இல் வெளியான அவர்கள் அறிக்கையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மைதானத்தில் ஒரே துண்டை மூன்று பேர் வரை பயன்படுத்தினார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்கள், ஒரு வீரரிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கை கழுவுவதில்லை. பலர் குளிக்காமலே பொதுத் தொட்டியில் இறங்கினார்கள். இத்தனைக்கும் அது பணத்துக்குப் பஞ்சமில்லாத அணி. மருந்துகளையும் அந்த வீரர்கள் சாதாரண மக்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சாப்பிட்டிருந்தார்கள்!

கூலிட்ஜின் மகனுக்கு மருந்து கிடைக்கவில்லை. ராம்ஸ் வீரர்களுக்கு மருந்து தாராளமாகக் கிடைத்தது, சுத்தம்தான் கிடைக்கவில்லை. மருந்து ஒவ்வொன்றுக்கும் இந்தக் கிருமி ஒரு வழி கண்டுபிடிக்கிறது. ஆனால் தோலுக்கு வந்து சேரும் வழியையே அடைத்துவிட்டால் அது என்ன செய்யும்?

நிபுணர்கள் சொல்லும் வழிகள் எளியவை. ஆட்டம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். துண்டு, ரேசர் ஆளுக்கு ஒன்று. சிராய்ப்பைக் கழுவி, காய்கிறவரை மூடி வைக்க வேண்டும். பொதுக் கருவிகளையும் விரிப்புகளையும் துடைக்க வேண்டும். கட்டி சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் பிதுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கபடி ஆடுகிறவர்களும் ஜிம்முக்குப் போகிறவர்களும், நண்பன் துண்டை நீட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.