மவுத் ஆர்கனில் ஓடிய ரயில்

அமெரிக்காவில் ப்ளூஸ் மவுத் ஆர்கன் பழக ஆரம்பிக்கிறவர்கள் பலருக்கு, பாட்டு வருவதற்கு முன்பே ரயில் வந்துவிடும். ஜிகு ஜிகு என்று மெல்லக் கிளம்ப வேண்டும், வேகம் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு கூவல், பிறகு தூரத்தில் தேய்ந்து மறைய வேண்டும். கேட்டால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரிதான் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டை வைத்தே ஒரு வானொலி நிகழ்ச்சிக்குப் பெயர் கிடைக்கக் காரணமாயிருந்த மனிதர் ஒருவர் இருந்தார். அதே நிகழ்ச்சி பின்னாளில் அவரை வெளியே அனுப்பியது. அவர் பெயர் டிஃபோர்ட் பெய்லி.

டென்னஸி மாநிலத்தின் ஸ்மித் கவுண்டியில் 1899 டிசம்பர் 14-ல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். ஏறக்குறைய ஒரு வருஷம் படுக்கையில். கையில் இருந்தது ஒரு மவுத் ஆர்கன், காதில் விழுந்தது நாய், கோழி, காற்று, தூரத்து ரயில். அத்தனையையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் கொண்டுவரப் பார்த்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் உயரம் ஐந்தடியைத் தொடவே இல்லை.

பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு ரயில் பாலம். அதன் அடியில் போய் நின்று, கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வண்டி மேலே கடப்பதைக் கேட்பாராம். பிறகு பள்ளிக்கூடம் வரும்வரை அந்தச் சத்தத்தையே வாசித்துக்கொண்டு நடப்பாராம். வாத்தியார் கிடையாது, நோட்டு கிடையாது!

சரி, அந்தச் சத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு சிலிண்டர் கொண்ட நீராவி என்ஜின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு முறை நீராவியை வெளியே தள்ளும். நாம் ஜிகு ஜிகு என்று சொல்வது அதைத்தான். அதாவது தாளம் நான்கு நான்காக ஏற்கெனவே தயார். பத்துத் துளை மவுத் ஆர்கனும் இதற்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது. சி சுருதிப் பெட்டியில் முதல் நான்கு துளைகளைச் சேர்த்து ஊதினால் சி மேஜர் கார்டு, உறிஞ்சினால் ஜி மேஜர் கார்டு. இரண்டு உறிஞ்சல், இரண்டு ஊதல் என்று மாற்றி மாற்றிப் போனால் வண்டி நகர ஆரம்பித்துவிடும். ஜெர்மனியில் ஹோனர் கம்பெனி 1896-ல் மரைன் பேண்டைக் கொண்டுவந்தபோது மனதில் இருந்தது ஐரோப்பிய நாட்டுப்புற மெட்டுகள். அவற்றுக்கு ஊதும் பக்கம்தான் ஆதாரம். ப்ளூஸ்காரர்கள் அதைத் தலைகீழாக்கி, உறிஞ்சும் பக்கத்தை ஆதாரமாக்கிக்கொண்டார்கள். காரணம், கீழ்த் துளைகளில் உறிஞ்சும்போதுதான் சுரத்தை வளைத்து இறக்க முடியும்.

இந்த வளைவு இல்லாமல் ரயில் விசில் இல்லை. இயற்பியல் வகுப்பில் படித்த டாப்ளர் விளைவு ஞாபகம் இருக்கிறதா? வண்டி நம்மைக் கடந்ததும் கூவலின் சுருதி இறங்கும். மூன்றாம், நான்காம் துளைகளைச் சேர்த்து உறிஞ்சி, கடைசியில் சற்று வளைத்து இறக்கினால் அதே உணர்வு வந்துவிடும். அமெரிக்க என்ஜின்களில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விசில்கள் நிறைய இருந்தன. அதனால் ஒற்றைத் துளை போதாது. உள்ளங்கைகளைக் குவித்து மூடித் திறந்தால் தூரமும் பக்கமும் மாறும்.

கஷ்டம் எங்கே என்றால் மூச்சில். புதிதாகப் பழகுகிறவர் பெரிது பெரிதாக உறிஞ்சுவார், பத்து விநாடியில் நெஞ்சு நிரம்பி வண்டி நின்றுவிடும். வேகம் கூடக் கூட மூச்சு சின்னதாக வேண்டும். விசில் வேறு முழுக்க உள்மூச்சு. சேர்ந்த காற்றை அடுத்த இரண்டு ஊதல்களிலும் மூக்கு வழியாகவும் தாளம் தவறாமல் வெளியேற்ற வேண்டும். இது கைவந்தவர்தான் ரயில் ஓட்டுகிறவர், மற்றவர்கள் ஹாரன் அடிக்கிறவர்கள்.

பெய்லி ஒருவர்தான் இதைச் செய்தார் என்றில்லை. ஹென்றி விட்டர் என்ற வெள்ளையர் 1923-லேயே ஒரு ரயில் இசையைப் பதிவு செய்தார். பார்வையிழந்த சோனி டெர்ரி 1938-ல் நியூயார்க்கின் கார்னகி ஹால் வரை மவுத் ஆர்கனோடு போய்ச் சேர்ந்தார். ஆனால் வானொலி வழியே வீடு வீடாக ரயிலைக் கொண்டுபோனவர் பெய்லி.

1927 டிசம்பர் 10. நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வால்டர் டாம்ராஷ் நடத்திய மேற்கத்திய செவ்வியல் இசை நிகழ்ச்சி. அதில் ரயிலைச் சித்திரிக்கும் ஓர் ஆர்கெஸ்ட்ரா துண்டும் ஒலித்தது. அடுத்து வந்த அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, அதற்குப் பதில் சொல்வதுபோல பெய்லியை அழைத்தார். பெய்லி வாசித்தது ‘பான் அமெரிக்கன் ப்ளூஸ்’. சின்சினாட்டிக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் இடையே ஓடிய விரைவு ரயிலின் பெயர் அது. வாசித்து முடித்ததும், இதுவரை கேட்டது கிராண்ட் ஆப்ரா, இனி கேட்கப்போவது ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று ஹே கிண்டலாக அறிவித்தார். ஹே பின்னாளில் சொன்ன கதை இது. அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

அந்தப் புகழால் பெய்லிக்கு வந்தது என்ன? வெள்ளைக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போவார். கூட்டம் அவருக்காகவும் வரும். ஆனால் அவர்கள் தங்கும் ஹோட்டலில் இவருக்கு அறை கிடையாது, பல இடங்களில் சாப்பாடும் கிடையாது. 1941-ல் பாடல் உரிமைக் கட்டணம் பற்றி அஸ்காப் அமைப்புக்கும் வானொலிகளுக்கும் தகராறு. பெய்லியின் பிரபலமான மெட்டுகள் ஒலிபரப்பக் கூடாதவை ஆயின. புதியவை வாசி என்றார்கள். ஜனங்கள் கேட்டதோ பழையவை. அந்த வருஷமே வேலை போயிற்று. 1945-ல் ஹே எழுதிய சிறு நூலில் பெய்லி சோம்பேறி, புதிதாக எதையும் கற்கவில்லை என்று அவர் இனத்தையும் சேர்த்துச் சொல்லிவைத்தார். பாலத்தடியில் நின்று தானே கற்றுக்கொண்டவரைப் பற்றிய மதிப்பீடு இது!

பெய்லி நாஷ்வில்லில் தன் ஷூ பாலிஷ் கடையைப் பார்த்துக்கொண்டார். மேடைக்கு வரச் சொன்னவர்களுக்கும் பதிவு செய்யக் கேட்டவர்களுக்கும் பெரும்பாலும் மறுப்புதான். 1970-களில் டேவிட் மார்ட்டன் பழகிப் பேசியதால்தான் அவர் கதையும் வாசிப்பும் ஒலிநாடாவில் சேர்ந்தன. 1974 டிசம்பரில், 75-வது பிறந்தநாளன்று, ஆப்ரி மேடையில் மறுபடி வாசித்தார். 1982 ஜூலை 2-ல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005-ல். ஆப்ரி மன்னிப்புக் கேட்டது 2023-ல்.