பிரட்டுக்களமும் ஸ்டாண்ட்அப்பும்

சாப்ட்வேர் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கோடிங்கைவிட அதிகமாக் குழப்புறது வார்த்தைகள்தான். ஸ்டாண்ட்அப், ஸ்கோப், மைல்ஸ்டோன், டெட்லைன், சைன்-ஆஃப். கண்டி, கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து இந்த வேலைக்குப் போறவங்கள்ல தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகளும் இருக்காங்க. அவங்களுக்கு இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு மாதிரித் தெரியும். ஆனா இந்த ஏற்பாடுகள்ல பலதுக்கு நம்ம தோட்டத் தமிழ்ல எப்பவோ பேர் வச்சாச்சு.

ஸ்டாண்ட்அப்பை எடுத்துக்குவோம். தினமும் ஒரு கால் மணி நேரம், நின்றபடியே நடக்கும் கூட்டம். நேத்து என்ன செஞ்சீங்க, இன்னைக்கு என்ன செய்யப்போறீங்க, என்ன தடை இருக்கு: மூணு கேள்வி. தோட்டத்தில் இதுக்குப் பேர் பிரட்டு. விடியக்காலையிலேயே ஆட்கள் பிரட்டுக்களத்தில் நிற்கணும். பேர் கூப்பிட்டு, இன்னைக்கு எந்த மலை, கொழுந்துக்கு எத்தனை பேர், கவ்வாத்துக்கு எத்தனை பேர் என்று பிரிச்சு அனுப்புவாங்க. பிரட்டில் அந்த மூணாவது கேள்வி மட்டும் கிடையாது.

ஸ்டாண்ட்அப் வர்ற முறைக்குப் பேர் ஸ்க்ரம். இது ரக்பி சொல். கண்டிக்காரங்களுக்கு விளக்கவே வேணாம். கட்டுகஸ்தோட்டைக்குப் போற வழியில நித்தவளை மைதானம் இருக்கு. கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891லேயே ரக்பி தொடங்கிடுச்சு. 1986இல் தக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரு புதுப் பொருளை உருவாக்கும் குழு அஞ்சல் ஓட்டம் மாதிரி ஓடாமல் ரக்பி அணி மாதிரி சேர்ந்தே நகரணும்னு எழுதினாங்க. அதிலிருந்து சொல்லை எடுத்து, 1995இல் சதர்லாண்டும் ஷ்வேபரும் சாப்ட்வேருக்கான முறையாக முன்வைச்சாங்க. ரக்பியில ஸ்க்ரம்னா எதிரே எட்டுப் பேர் நின்று தள்ளுவாங்க. ஆபீஸ்ல அந்த எட்டுப் பேர் யாருன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல.

எனக்கு முக்கியமாப் படுறது காசு விஷயம். கிளையண்டோட ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒண்ணு, வேலை முழுசுக்கும் சேர்த்து ஒரே விலை. மற்றது, செலவான நேரத்துக்குக் காசு. தோட்டத்துல முதலாவது கொந்தரப்பு, இரண்டாவது பேர். கொந்தரப்பு எடுத்தவர் இத்தனை செடி கவ்வாத்துக்கு இவ்வளவு என்று பேசிக்குவார். எத்தனை நாள் இழுத்தாலும் அது அவர் பாடு. பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒரு நாள் கணக்கு. குறிச்ச கிலோ வரலைன்னா அரைப்பேர். ஆக, பேர் என்று சொன்னாலும் கடைசியில் கிலோவும் பார்ப்பாங்க. டைம்ஷீட்டும் போட்டு, முடிச்ச டாஸ்க்கையும் எண்ணுற கம்பெனியில் இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். 'ஒரே விலை' ஒப்பந்தத்தில் கிளையண்ட் இடையில் இன்னும் ரெண்டு ஸ்க்ரீன் கேட்டா, அதுதான் ஸ்கோப் க்ரீப்: பேசின கூலிக்குப் பக்கத்து மலையையும் சேர்த்து வெட்டச் சொல்றது. எழுத்துல சேஞ்ச் ரிக்வெஸ்ட் வாங்காட்டி, அந்த ராத்திரிகளுக்குக் காசு கிடையாது.

இந்த ஒற்றுமை முழுக்கத் தற்செயலா? முழுக்க அப்படின்னு சொல்ல முடியல. ஆபீஸ் சுவர்ல வேலையையும் நாளையும் பட்டை பட்டையாக் காட்டும் கான்ட் சார்ட் இருக்கே, அது ஹென்றி கான்ட் பெயரால் வந்தது. அவர் 1861இல் அமெரிக்காவின் மேரிலாண்டில், அடிமைகளை வச்சிருந்த ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு டாஸ்க், முடிச்சா போனஸ் என்ற கூலி முறையைக் கொண்டுவந்தார். 'டாஸ்க்' என்ற சொல்லுக்கு அடிமைக்கால வாடை இருந்தது அவருக்கே தெரியும். கெய்ட்லின் ரோசென்தால் 2018இல் வெளியிட்ட நூல், அமெரிக்க, கரீபியன் அடிமைத் தோட்டங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து, நவீன நிர்வாகத்தின் பல பழக்கங்கள் அங்கேயே இருந்ததைக் காட்டுது. இலங்கைத் தோட்டங்கள் அடிமைத் தோட்டங்கள் இல்லை. ஆனா ஆளை எண்ணி, நாளை எண்ணி, கிலோவை எண்ணி ஏட்டில் போடும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

டெட்லைனின் பிறப்பும் அழகானதில்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் போட்ட எல்லைக்கோடு அது. தாண்டின கைதியைச் சுடுவாங்க. மைல்ஸ்டோன் கொஞ்சம் சாதுவான சொல், வழியோரக் கல். கட்டுகஸ்தோட்டை வழியாப் போகும் ஏ9 வீதியில, மாத்தளைப் பக்கமிருந்து, மன்னாரில் இறங்கி வாரக்கணக்கில் நடந்த ஜனங்கள் வந்து சேர்ந்தாங்க. வழியில் காய்ச்சலில் விழுந்து செத்தவங்க ஏராளம்.

கடைசியா யூஏடி: செஞ்சு கொடுத்ததை கிளையண்ட் சோதிச்சுப் பார்த்து ஏத்துக்கிற கட்டம். அது முடிஞ்சு சைன்-ஆஃப் வந்தாத்தான் பில் நகரும். தோட்டத்துல இதுக்கு ஈடு கொழுந்து நிறுவை. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவுன்னு தராசு பக்கத்துலயே கிலோ கழியும். எவ்வளவு கழிக்கலாம் என்பது பல தலைமுறையா நடக்கிற சண்டை. சாப்ட்வேர்ல அந்தக் கழிவை முன்கூட்டியே எழுதி வைக்க ஒரு காகிதம் இருக்கு. எது எது சரியா இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் என்ற பட்டியல் அது. அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா என்பாங்க. வேலை தொடங்குற அன்றைக்கே அதைக் கேட்டு வாங்கலாம், ஜூனியரும் கேட்கலாம்.